ஈஸ்ட் பாலஸ்டீன் சரக்கு ரயில் விபத்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2023 பிப்ரவரி 3, இரவு ஒன்பது மணி நெருங்கும் நேரம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், பென்சில்வேனியா எல்லையோரம் உள்ள ஈஸ்ட் பாலஸ்டீன் என்ற சிற்றூரில் நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில் தடம் புரண்டது. சாய்ந்த 38 பெட்டிகளில் 11 டேங்கர்களில் ஆபத்தான ரசாயனங்கள் இருந்தன. மூன்று நாள் கழித்து அந்த ஊருக்கு மேலே எழுந்த கரும்புகையை உலகமே பார்த்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, 2024 ஜூனில் அதே ஊரில் கூடித் தன் முடிவுகளைச் சொன்னது. ஆனாலும் முதல் வாரத்தில் பரவிய பேச்சுகள்தான் பலர் மனத்தில் நிற்கின்றன.

நம்பிக்கை: ஓட்டுநர் வேகமாகப் போனார், அல்லது கவனிக்கத் தவறினார்.

இல்லை. அந்தத் தடத்தில் மணிக்கு 50 மைல் வரை போகலாம். ரயில் போனது சுமார் 47 மைலில். எச்சரிக்கை ஒலித்ததும் ஊழியர்கள் ரயிலை நிறுத்தத்தான் முயன்றார்கள்.

கோளாறு 23ஆவது பெட்டியில் இருந்தது. பிளாஸ்டிக் குருணை ஏற்றிய பெட்டி அது. அதன் சக்கர பேரிங் சூடேறிக்கொண்டே வந்தது. தண்டவாளத்தோரம் இருந்த வெப்பமறியும் கருவிகளில் ஒன்று, சுற்றுப்புறத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம் என்று காட்டியது. அடுத்தது சேலத்தில் (ஓஹையோவிலும் ஒரு சேலம் உண்டு) 103 காட்டியது. நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் வைத்திருந்த வரம்போ 170. ஆனால் சேலத்துக் கண்காணிப்பு கேமரா ஒன்றில், பெட்டிக்கு அடியில் நெருப்பு தெளிவாகத் தெரிகிறது. பேரிங்கின் உள்ளே இருந்த வெப்பம் கருவிக்கு முழுதாகப் புலப்படவில்லை. அடுத்த கருவி ஏறக்குறைய 20 மைல் தள்ளி, ஈஸ்ட் பாலஸ்டீனில் இருந்தது. அது 253 காட்டியபோது காலம் கடந்துவிட்டது. இக்கருவிகளை எத்தனை மைலுக்கு ஒன்றாக வைக்க வேண்டும் என்று அப்போது மத்திய அரசின் விதி எதுவும் இல்லை. அந்த இரவின் கேள்வி ஓட்டுநரின் கண்ணைப் பற்றியதல்ல, இந்த 20 மைல் இடைவெளியைப் பற்றியது.

நம்பிக்கை: மின்னணு பிரேக் விதியை ரத்து செய்ததுதான் காரணம்.

2015இல் வந்த அந்த விதி டிரம்ப் ஆட்சியில் ரத்தானது உண்மை. ஆனால் எரியும் திரவங்களைப் பெருமளவில் ஏற்றிச் செல்லும் ரயில்களுக்கு மட்டுமே அது பொருந்தியிருக்கும். இது கலவையான சரக்கு ஏற்றிய ரயில். வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டியே இதை வெளிப்படையாக விளக்கினார். தவிர, எந்த பிரேக்கும் பேரிங் கருகுவதைத் தடுக்காது.

நம்பிக்கை: வினைல் குளோரைடு டேங்கர்கள் வெடிக்க இருந்தன, கொளுத்தியதால்தான் ஊர் தப்பியது.

நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐந்து டேங்கர்களில் 4 லட்சம் லிட்டருக்கும் மேல் இருந்தது. பிவிசி தயாரிக்கப் பயன்படும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. தடம் புரண்டபோது அந்த டேங்கர்கள் உடையவில்லை. உடைந்து தீக்குக் காரணமானவை டிஓடி-111 என்ற பழைய வகை டேங்கர்கள். வினைல் குளோரைடுக்குள் கட்டுக்கடங்காத வேதிவினை தொடங்கிவிடும் என்று ரயில் நிறுவனமும் அதன் ஒப்பந்ததாரர்களும் சொன்னார்கள். ரசாயனத்தை அனுப்பிய ஆக்ஸிவினில்ஸ் நிறுவனத்தின் நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. கவலைக்குரியதாகச் சொல்லப்பட்ட டேங்கரின் வெப்பமும் 138இலிருந்து 126 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியிருந்தது. முடிவெடுக்க வேண்டிய தீயணைப்புத் தலைவருக்கு அந்த நிபுணர்களின் கருத்து போய்ச் சேரவே இல்லை. அவருக்குக் கிடைத்தது வெறும் 13 நிமிடம். பிப்ரவரி 6 அன்று டேங்கர்களை வெடிவைத்துத் துளைத்து, ரசாயனத்தைக் குழியில் வடித்து எரித்தார்கள். அது தேவையே இல்லை என்பது வாரியத்தின் முடிவு. வீட்டை விட்டு வெளியேறச் சொல்லப்பட்ட ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் பகுதிக்கு மேலே எழுந்தது அந்தப் புகை. தெரிந்த உண்மையை உரியவரிடம் சேர்க்காதது, பேரிங் கருகியதைவிடப் பெரிய குற்றமாக எனக்குப் படுகிறது.

நம்பிக்கை: வாரியம் கண்டுபிடித்தால் தவறு திருத்தப்படும்.

வாரியத்துக்கு அபராதம் விதிக்கவோ விதி இயற்றவோ அதிகாரம் கிடையாது. பரிந்துரைக்க மட்டுமே முடியும். விபத்துக்குப் பிறகு ஓஹையோவின் இரண்டு செனட்டர்களும் கட்சி பேதமின்றிச் சேர்ந்து கொண்டுவந்த ரயில் பாதுகாப்பு மசோதா, 2023 மே மாதம் குழுவில் நிறைவேறியது. அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடியும்வரை செனட் சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.