பச்சைப் பாம்பு கண்ணைத்தான் கொத்துமா?

நம்பிக்கை: பச்சைப் பாம்பு கண்கொத்திப் பாம்பு. முகத்தை மறைத்துக்கொண்டால் போதும், வேறொன்றும் செய்யாது.

உண்மை: இது தமிழ்நாட்டிலிருந்து தாத்தா பாட்டியோடு மலேசியாவுக்குக் கப்பலேறி வந்த நம்பிக்கை. அங்கேயே பாதிதான் சரி. கண்கொத்திப் பாம்பு கண்ணைக் குறிவைப்பதில்லை. அதன் நஞ்சு மனிதரைக் கொல்லும் அளவுக்கு வலுவானதல்ல என்பது மட்டும் உண்மை. கேமரன் மலையில் கியா பார்ம் பக்கத்துத் தேயிலைச் செடியில் சுருண்டிருக்கும் பச்சையோ வேறு சாதியாக இருக்கலாம். கேமரன் மலைக் குழிவிரியன், அறிவியல் பெயர் டிரைமெரெசூரஸ் நெபுலாரிஸ், மலேசியாவின் இந்த மலைத்தொடருக்கே உரிய நச்சுப் பாம்பு. நெடுங்காலம் வேறோர் இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்ட இதை, 2004-இல்தான் தனி இனமாக விவரித்தார்கள்.

கண்கொத்தி சாட்டை போல மெலிந்தது, மூக்கு கூரானது. குழிவிரியனுக்கு முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து, கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி. (அந்தக் குழி தெரியும் அளவுக்கு நெருங்கிப் பார்க்க வேண்டாம்.) ஆளரவம் கேட்டதும் சாரை ஓடிவிடும், குழிவிரியன் ஓடாது. இரவில் இரை தேடி, பகலில் கிளையோடு கிளையாக அசையாமல் கிடக்கும். கொழுந்து கிள்ளும் கைக்கு ஆபத்து அங்கேதான்.

நம்பிக்கை: குளிர் மலையில் விஷப் பாம்பு இருக்காது.

உண்மை: கியா பார்ம் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பச்சைக் குழிவிரியன் அந்தக் குளிரிலேயே வாழப் பழகியது. தரையில் சருகோடு சருகாகப் படுத்திருக்கும் பழுப்பு நிற மலைக் குழிவிரியனும் இங்கே உண்டு.

நம்பிக்கை: கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டி, கீறி, உறிஞ்சித் துப்ப வேண்டும்.

உண்மை: சினிமா நமக்குச் செய்த கெடுதல்களில் இது ஒன்று. குழிவிரியன் நஞ்சு கடித்த இடத்தின் தசையை வீங்க வைக்கும், இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தேங்கித் தசை அழுகக்கூடும். உறையாத இரத்தம் உள்ளவரைக் கீறினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. வீக்கம் குறைவாக இருக்கிறதே என்று வீட்டிலேயே இருப்பதும் தவறு. இரத்தச் சோதனையை மருத்துவர்கள் சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நம்பிக்கை: எல்லாக் கடிக்கும் ஒரே ஊசிதான்.

உண்மை: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்காக இந்தியாவில் தயாராகும் மருந்து, இந்த மலைப் பாம்புகளுக்கானதல்ல. பச்சைக் குழிவிரியன் கடிக்கு மலேசிய மருத்துவமனைகள் பாங்காக்கின் ராணி சாவபா நினைவு நிலையம் தயாரிக்கும் மருந்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

அடித்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டாம். செத்த தலையும் கடிக்கும். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையை அசைக்காமல் வைத்து, 999-ஐ அழையுங்கள், அல்லது உடனே தானா ராத்தா மருத்துவமனைக்குப் போங்கள்.