ஏழு ஏரிகளும் ஒரு குடமும்

நுழையுமுன்

மண்ணுலகில் மக்கள் பெருகுகின்றனர், நீரோ பெருகுவதில்லை. இருக்கும் நீரை எவ்வாறு காப்பது, எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பது இன்று உலகின் முன் நிற்கும் பெரிய வினாவாகும். அதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழாயிலிருந்தே தொடங்கலாம்.

வைகறையில் இரு குழாய்கள்

தாராவியின் குறுகிய சந்து ஒன்றில் வைகறைப் பொழுது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயின் முன் குடங்களும் வாளிகளும் வரிசையாக நிற்கின்றன. நீர் வருவது சில மணி நேரம் மட்டுமே. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் வேண்டிய நீர் முழுவதையும் அதற்குள் பிடித்தாக வேண்டும். தமிழும் மராத்தியும் இந்தியும் கலந்து ஒலிக்கும் அவ்வரிசையில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் நிற்கின்றனர். நீர் வரத் தாமதித்தால் அவர்கள் பள்ளிக்குச் செல்வதும் தாமதமாகும்.

அதே வேளையில், மாதுங்காவிலோ செம்பூரிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில் மேல்தொட்டி நீர் குழாயில் தானே இறங்குகிறது. பல் துலக்கும் சிறுவன் குழாயை மூட மறந்து நிற்கிறான்.

மாணவர்களே, இவ்விரு குழாய்களிலும் வருவது ஒரே ஏரிகளின் நீர்தான். அது எங்கிருந்து வருகிறது? ஒரு வீட்டில் வழிந்தோடுவதும் மற்றொரு வீட்டில் குடத்தளவில் நின்றுவிடுவதும் ஏன்?

நீர் வந்த வழி

மும்பைத் தீவு நகரம் முற்காலத்தில் கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்தது. தோபி தலாவ், கோவாலியா டேங்க் என்னும் இடப்பெயர்களில் அக்குளங்களின் நினைவு இன்றும் எஞ்சியுள்ளது, குளங்கள் மறைந்துவிட்டன. துறைமுகமும் பஞ்சாலைகளும் வளர்ந்தபோது வேலை தேடி மக்கள் திரண்டு வந்தனர். அவர்களுக்குக் குளத்து நீர் போதவில்லை. ஆகவே 1860ஆம் ஆண்டில் விஹார் ஏரி அமைக்கப்பட்டது. அதன் அருகிலேயே துளசி ஏரி 1879இல் உருவாயிற்று. இவ்விரண்டும் இன்றைய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டுப்பகுதியில் உள்ளன.

1872ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகரின் மக்கள்தொகை ஆறரை இலட்சத்தைக்கூட எட்டவில்லை. எனினும் நகரின் தாகம் ஏரிகளைவிட விரைவாக வளர்ந்தது. 1892இல் தான்சா நீர்த்தேக்கத்திலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. 1957இல் மோடக் சாகர், 1973இல் மேல் வைதரணா, 1980களில் பாத்சா, 2014இல் நடு வைதரணா என நீர்த்தேக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. விஹாரும் துளசியும் இன்று தருவது சிறு பங்கே. நகருக்கு வரும் நீரில் ஏறத்தாழப் பாதி, சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாத்சாவிலிருந்து வருகிறது. பெருங்குழாய்கள் வழியாக வந்து, தூய்மையாக்கப்பட்ட பின்னரே அது நம் தெருவை அடைகிறது.

இவ்வளர்ச்சியை மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1951இல் பெருநகர மும்பையின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 இலட்சம். 1981இல் அது 82 இலட்சம். 2011இல் 1 கோடியே 24 இலட்சம். அறுபதே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேலான பெருக்கம் இது. நகரம் பெருகப் பெருகத் தொலைவிலுள்ள ஆறுகளை நோக்கிக் கை நீட்டியது.

உலகத்தின் கணக்கு

மும்பையின் கதை உலகக் கதையின் சிறு வடிவமே. உலக மக்கள்தொகை 100 கோடியை எட்டியது ஏறத்தாழ 1804ஆம் ஆண்டில். அந்நிலையை அடைய மனித இனத்திற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. 1927இல் அது 200 கோடியானது. 1987இல் 500 கோடியைத் தொட்டது. அதன் நினைவாகவே சூலை 11 உலக மக்கள்தொகை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2022 நவம்பர் 15ஆம் நாள் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது.

இப்பெருக்கத்திற்குக் காரணம் என்ன? மக்கள் திடீரென மிகுதியான குழந்தைகளைப் பெறத் தொடங்கினர் என்று எண்ணுவது தவறு. தடுப்பூசி, தூய குடிநீர், மருத்துவம், உணவு ஆகியவற்றால் முன்பு இறந்துபோன குழந்தைகள் பிழைத்து வளர்ந்தனர். பெரியோரும் நெடுநாள் வாழ்ந்தனர். ஆகவே மக்கள்தொகைப் பெருக்கம் என்பது ஒரு வகையில் மனித இனத்தின் வெற்றியும் ஆகும்.

ஆயினும் பூவுலகின் நன்னீர் மிகக் குறைவு. உலக நீரில் நன்னீர் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு மட்டுமே. அதிலும் பெரும்பகுதி பனிப்பாறையாக உறைந்துள்ளது. உலக மக்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இந்தியர். உலக நன்னீர் வளத்தில் இந்தியாவின் பங்கோ ஏறத்தாழ நான்கு விழுக்காடு.

ஆங்கிலேய அறிஞர் மால்தஸ், மக்கள்தொகை உணவு விளைச்சலை முந்திச் செல்லும் என்று 1798இலேயே எச்சரித்தார். வேளாண்மை அறிவியலின் வளர்ச்சியால் அவர் அஞ்சியவாறு நிகழவில்லை. இன்று மக்கள்தொகை பெருகும் வேகமும் குறைந்து வருகிறது. பெண்கள் கல்வி பெற்று, குழந்தைகள் நலமுடன் வளரும் இடங்களில் குடும்பங்கள் தாமே சிறியவையாகின்றன. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகளே பிறக்கின்றனர். தமிழ்நாட்டிலும் மகாராட்டிரத்திலும் இந்த எண்ணிக்கை இரண்டுக்கும் குறைவு.

சுமை யார்?

"வெளியூரிலிருந்து வந்த கூட்டத்தால்தான் நகரில் நீர் இல்லை" என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் நம் குடும்பங்களையும் சுடும். நம் முன்னோர் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் இந்நகருக்கு வந்தவர்கள். தோல் பதனிட்டும் ஆலைகளில் உழைத்தும் அலுவலகங்களில் எழுதியும் இந்நகரை வளர்த்தவர்கள். அச்சொல் உண்மையா என்பதைச் சினம் கொள்ளாமல் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மும்பைக்கு நாள்தோறும் வரும் நீர் ஏறத்தாழ 390 கோடி லிட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையால் இதனை வகுத்தால் ஒருவருக்கு முந்நூறு லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. உண்மையில் அவ்வளவு நீர் வீடுகளுக்கு வருவதில்லை. தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் ஒரு பகுதி செல்கிறது. மற்றொரு பகுதி பழைய குழாய்களின் கசிவாலும் திருட்டாலும் வழியிலேயே போய்விடுகிறது.

எஞ்சியதும் சமமாகப் பங்கிடப்படவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசைப் பகுதிகளில் 45 லிட்டர் என்பதே மாநகராட்சி நெடுங்காலம் கொண்டிருந்த அளவு. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு முதல் அளவின்படி 675 லிட்டர்; இரண்டாம் அளவின்படி 225 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் ஒரு வீட்டுக்கு நாற்பத்தைந்து குடம். மற்றொரு வீட்டுக்குப் பதினைந்தே குடம்.

இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த தாராவியில் பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். கூட்டம் மிகுதி என்பது உண்மை. ஆனால் அங்கு ஒருவர் செலவிடும் நீர் மிகக் குறைவு. நகரம் எறியும் பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் காகிதத்தையும் மீண்டும் பயன்படும் பொருளாக்குவதும் தாராவியின் பதின்மூன்றாம் வளாகத்து உழைப்பாளர்களே. ஆகவே இயற்கைக்கு நேரும் சுமையை அளக்கும்போது தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் எவ்வளவு நுகர்கிறோம், எவ்வளவு வீணாக்குகிறோம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நீதிமன்றமும் இதனை உணர்த்தியது. குடிசைப் பகுதியின் சட்டநிலை எதுவாயினும், அங்கு வாழ்வோருக்குக் குடிநீர் மறுக்கப்படலாகாது என்னும் கருத்தில் 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் நீர் என்னும் கொள்கையை 2022இல் மாநகராட்சியும் ஏற்றது.

ஏரிக்கரையில் ஒரு தாகம்

நம் பங்கைக் கேட்கும் நாம், பிறர் பங்கையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாத்சாவும் தான்சாவும் ஷஹாபூர் வட்டத்தில் உள்ளன. மழைக்காலத்தில் அங்கு வானம் கொட்டித் தீர்க்கும். எனினும் கோடையில் அவ்வட்டத்தின் பல பழங்குடி ஊர்களுக்கு லாரிகளில் குடிநீர் செல்கிறது. பெண்கள் குடம் சுமந்து வறண்ட கிணறுகளைத் தேடி நடக்கின்றனர். பெருங்குழாய்கள் நீரைச் சுமந்துகொண்டு அவர்களைக் கடந்து மும்பைக்கு வருகின்றன.

நகரத்தார் மேலும் நீர் கேட்கும்போது மேலும் ஓர் அணை பேசப்படுகிறது. அணைக்காகக் காடும் ஊரும் மூழ்க நேரிடுகிறது. ஆகவே வீட்டில் நாம் மூட மறந்த குழாய், யாரோ ஒருவருடைய குடத்தை வெறுமையாக்குகிறது.

செய்யத்தக்கவை

மும்பையைப் போலவே சென்னையும் ஏரிகளை நம்பி வாழும் நகரம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதன் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு சூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் 25 இலட்சம் லிட்டர் குடிநீர் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பை 2003இலேயே தமிழ்நாடு கட்டாயமாக்கியிருந்தும் இந்நிலை வந்தது. சட்டம் இயற்றுவதோடு பணி முடிவதில்லை. ஒவ்வோராண்டும் தொட்டியைத் தூர்வாரிக் காக்கும் கைகளும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராட்டிரா இயற்கைப் பூங்கா நம்பிக்கை தரும் சான்றாகும். முன்பு அவ்விடம் நகரின் குப்பை மேடு. 1977இல் குப்பை கொட்டுதல் நிறுத்தப்பட்டது. பின்னர் மரக்கன்றுகள் நடப்பட்டன. 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று 37 ஏக்கர் பரப்பில் மரங்களும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்துள்ளன. அழித்த கைகளே ஆக்கவும் வல்லவை என்பதை அப்பூங்கா நமக்குக் காட்டுகிறது.

கசியும் குழாயை உடனே சீர்செய்தல், மழைநீரைச் சேமித்தல், துவைத்த நீரைக் கழிப்பறைக்குப் பயன்படுத்துதல் ஆகியன வீடுதோறும் செய்யத்தக்கவை. பழைய குழாய்களை மாற்றுதல், கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்துதல், நீரை நேர்மையாகப் பங்கிடுதல் ஆகியன அரசும் மாநகராட்சியும் செய்யத்தக்கவை. இவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை.

நாளை காலை நீங்கள் குழாயைத் திறக்கும்போது, அந்நீர் கடந்து வந்த நூறு கிலோமீட்டரையும், அதன் கரையில் வெறுங்குடத்தோடு நிற்பவரையும் ஒரு கணம் நினையுங்கள். பின்னர் வேண்டிய அளவு நீரைப் பிடித்துக்கொண்டு, குழாயை இறுக மூடுங்கள்.

அருஞ்சொற்பொருள்

வைகறை – விடியற்காலம்
நீர்த்தேக்கம் – அணை கட்டி நீரைத் தேக்கி வைக்கும் இடம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்
நுகர்தல் – பயன்படுத்துதல், துய்த்தல்
தூர்வாருதல் – படிந்த மண்ணை அகற்றுதல்
வட்டம் – தாலுகா

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளின் பெயர்களை எழுதுக.
2. உலக மக்கள்தொகை நாள் எது? அது எதன் நினைவாகக் கொண்டாடப்படுகிறது?
3. மறைந்த குளங்களின் நினைவைத் தாங்கும் மும்பை இடப்பெயர்கள் இரண்டினைக் கூறுக.

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. "தலைகளை எண்ணினால் மட்டும் போதாது" – இக்கூற்றைப் பாடத்தின் வழி விளக்குக.
2. ஏரிகள் இருந்தும் ஷஹாபூர் வட்டத்து ஊர்கள் தாகத்தால் வாடுவது குறித்து உம் கருத்தினை எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
1. அவ்வரிசை 2. நன்னீர் 3. ஒவ்வோராண்டும் 4. வெறுங்குடம்

ஈ. செயல்பாடு
ஒரு நாளில் உம் வீட்டில் செலவாகும் நீரைக் குடக்கணக்கில் குறித்து, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்து வருக. வகுப்பில் அனைவரின் கணக்குகளையும் கரும்பலகையில் எழுதி ஒப்பிடுக. உம் தாத்தா பாட்டியின் ஊரில் முன்பு நீர் எங்கிருந்து வந்தது என்பதை அவர்களிடம் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதுக.