நம் மஹல்லா: சூலியாத் தெருவின் வரலாறும் படிப்பினையும்

பினாங்கில் வியாபாரம் செய்யும் நம்மவருக்குச் சூலியாத் தெரு என்றதும் கடைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. நம் முன்னோருக்கோ அது கடைத்தெரு மட்டுமன்று. குடியிருப்பும் ஊரும் ஜமாஅத்தும் அதுவாகவே இருந்தது. அந்த மஹல்லா எவ்வாறு உண்டாயிற்று, எதனால் நிலைத்தது, எதனால் தளர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

1786-ல் பிரான்சிஸ் லைட் துரை இத்தீவில் கொடியேற்றினார். கெடாவில் நெடுநாள் வாழ்ந்த சூலியாக்கள் விரைவில் இங்கு வந்து கடை வைத்தனர். 1794-ல் லைட் எழுதிய அறிக்கையில், இங்கே தங்கிவிட்ட சூலியாக்கள் சுமார் 1,000 பேர் என்றும், அவர்களில் சிலர் குடும்பத்தோடு வாழ்கின்றனர் என்றும் குறித்தார். ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, சில வெள்ளிகள் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர் என்றும் எழுதினார்.

ஆகவே நம்மவரில் இரு வகையினர் இருந்தனர்: வந்து போனவர், தங்கி வாழ்ந்தவர். இரு சாராரும் வியாபாரம் வளர்த்தனர். ஆனால் மஹல்லாவை உண்டாக்கியவர்கள் தங்கி வாழ்ந்தவர்களே.

அவர்களுக்கு நிலைக்களமாக அமைந்தது வக்பு நிலம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் அவர்கள் கப்பித்தானாக நியமனம் பெற்று மக்களுக்குத் தலைமை வகித்தார். 1801-ல் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிற்று. அங்கே கப்பித்தான் பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகளும் கடைகளும் பெருகின. சூலியாத் தெருவும் கிங் தெருவும் கூடுமிடத்தில் நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்கா எழுந்தது. ஊரைப் பிரிந்த துயரத்தை இவ்விடங்கள் ஆற்றின. தனி மனிதர் சொத்து வாரிசுகளுக்குள் துண்டுபடும், விற்பனைக்கும் போகும். வக்பு நிலமோ விற்பதற்குரியதன்று. அதனாலேயே தலைமுறைகள் மாறியும் மஹல்லா இடம்பெயரவில்லை.

எனினும் வக்பு தானே தன்னைக் காத்துக்கொள்ளாது. நிர்வாகத்தில் சீர்கேடுகள் நேர்ந்தமையால், 1905-ல் முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கான சட்டம் பிறந்து, மேற்பார்வைக்கு வாரியம் அமைந்தது. சமுதாயம் கண்காணிக்கத் தவறிய இடத்தில் சர்க்கார் வந்து அமர்ந்தது என்பதே இதன் பாடம்.

அந்நாளைய வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் கையில் ஓர் ஊர்க்காரரின் விலாசமே முதலாக இருந்தது. கீழே கடை, மேலே படுக்கை. நாணயம் மாற்றுவோரும், நகை வியாபாரிகளும், துறைமுகத் தொழிலாளரும், காவடியில் சோறும் கறியும் சுமந்து விற்றோரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தனர். கடன் கேட்டால் பத்திரத்தைவிட முகம் பெரிதாயிருந்தது. நாம் தனித்தும் வாழவில்லை. 1818-ல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனரின் கருணைத் தேவி கோயிலும், குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரத்திலேயே உள்ளன.

இந்தக் கட்டு தளர்ந்தது ஏன்? 1969-ல் சுதந்திரத் துறைமுக உரிமை போயிற்று, வியாபாரம் சுருங்கியது. 1948-க்கு முன் கட்டிய கட்டிடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-ல் நீக்கப்பட்டு, 1999-ன் இறுதியோடு அதன் பாதுகாப்பு முடிந்தது. வாடகை உயரவே, பழைய குடித்தனங்கள் பல புறநகர்களுக்குச் சென்றன. 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கட்டிடங்களுக்கு மதிப்புக் கூடிற்று. போன குடும்பங்கள் அதனால் திரும்பிவிடவில்லை.

சகோதரர்களே! சுவருக்குச் சாயம் பூசலாம். அண்டை வீட்டாரைச் சாயம் பூசி உண்டாக்க முடியாது. பகலில் கடை திறந்து இரவில் பூட்டிச் செல்வோர் மட்டும் மிஞ்சினால், சுபுஹுத் தொழுகைக்கு ஸப்பில் நிற்பது யார்? நோயுற்றவர் கதவைத் தட்டுவது யார்?

நாம் செய்யக்கூடியவை சில உள. மாடி அறைகளைச் சரக்கறையாக்குமுன், அங்கே ஒரு குடும்பத்தை வைக்க இயலுமா என்று பார்ப்போம். புறநகரில் வாழும் பிள்ளைகளை ஜும்ஆவுக்கு இங்கே அழைத்து வந்து, இத்தெருக்களின் கதையைச் சொல்லுவோம். வக்பு நிலத்தின் வரவு செலவைக் கேட்டறிவதை நம் கடமையாகக் கொள்வோம். புதிய குடியிருப்புகளிலும் கதவடைத்து வாழாமல், அண்டை வீட்டாரை அறிந்து பழகுவோம்.

முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது 18 ஏக்கர் நிலம் மட்டுமன்று. ஒருவருக்கொருவர் ஆதரவாய் வாழும் வழக்கமுமாகும். அதைக் காக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.