ஒப்பமும் ஒப்புதலும்

ஈழத்துத் தமிழர் கையெழுத்தை ஒப்பம் என்பர். மனம் இசைதலை ஒப்புதல் என்பர். இரண்டும் ஒரே அடியிற் பிறந்த சொற்களாயினும், முன்னது கையின் தொழில். பின்னது மனத்தின் தொழில். இவ்விரண்டும் ஒருங்கு கூடிய இடத்திலேயே ஒப்பந்தம் உயிர் பெறுகின்றது. ஒப்பம் இருந்தும் ஒப்புதல் இல்லையாயின் சட்டம் யாது செய்யும் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். மேல் வகுப்பு மாணவர்க்கு இது பாடம். உலகியலிற் புகுந்துவிட்ட பழைய மாணவர்க்கோ அன்றாட வாழ்க்கை.

இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்திற்கு அடிப்படை உறோமன் டச்சுச் சட்டமாகும். ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதனை நிலைபெறச் செய்தனர். காலப்போக்கில் ஆங்கில நீதிமன்றத் தீர்ப்புகளும் அதனோடு கலந்தன. பத்திரமொன்றில் ஒப்பமிட்டவன் அதன் பொருளை ஏற்றே ஒப்பமிட்டான் என்பது பொது விதி. ‘யான் வாசிக்கவில்லை’ என்று பின்னர்க் கூறுதல் பெரும்பாலும் பயன் தராது. இவ்விதிக்கு விலக்காவனவற்றுள் தலையாய இரண்டு, பிறழ்கூற்றும் தகாச் செல்வாக்கும் ஆம். பிறழ்கூற்று அறிவை மயக்குவது. தகாச் செல்வாக்கு மனத்தை வளைப்பது.

பிறழ்கூற்று

ஒருவனை ஒப்பந்தத்திற்கு இசைவிக்குமாறு பொய்யான செய்தியை மெய்போல எடுத்துரைப்பது பிறழ்கூற்று. இதற்கு மூன்று உறுப்புகள் உள. முதலாவது, கூறப்பட்டது செய்தியாதல் வேண்டும். ‘மாத்தளை மிளகுக்கு நிகரான மிளகு எங்குமில்லை’ என்பது வியாபாரப் புகழ்ச்சி. ‘இந்நிலத்தின்மேல் ஈடு ஏதும் இல்லை’ என்பது செய்தி. இரண்டாவது, அது பொய்யாதல் வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தலும் பொய்யே. மூன்றாவது, கேட்டவன் அதனை நம்பி உடன்பட்டிருத்தல் வேண்டும்.

‘நம்பியவன் ஏன் ஆராய்ந்து பார்க்கவில்லை?’ என்று ஒரு வினா எழும். இதற்கு 1881 இல் இங்கிலாந்தில் விடை கிடைத்தது. றெட்கிறேவ் என்னும் சட்டத்தரணி தம் தொழிலில் ஆண்டுக்கு 300 பவுண் அளவில் வருவாய் உண்டென்று கூறி, ஹேர்ட் என்பவரைத் தம் தொழிலிற் பங்குகொள்ளவும் தம் வீட்டை வாங்கவும் இசைவித்தார். பத்திரங்கள் காட்டப்பட்டபோது ஹேர்ட் அவற்றை நன்கு ஆராய்ந்திலர். ஆராய்ந்திருப்பின் உண்மை வெளிப்பட்டிருக்கும். ஆயினும் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. பொய் சொன்னவன், ‘என் சொல்லை நீ ஏன் நம்பினாய்?’ என்று கேட்கும் உரிமையற்றவன் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தகாச் செல்வாக்கு

இங்கே பொய் வேண்டுவதில்லை. ஒருவன்பால் மற்றொருவன் வைத்த நம்பிக்கையோ பணிவோ அவனது சுயேச்சையை விழுங்கிவிடின், அது தகாச் செல்வாக்கு. பெற்றோர்–பிள்ளை, வைத்தியர்–நோயாளி, சட்டத்தரணி–கட்சிக்காரர், குரு–சீடர் ஆகிய உறவுகளில் ஆங்கிலச் சட்டம் செல்வாக்கு உண்டென்றே ஊகிக்கின்றது.

1889 இற் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த ரங்கநாயகம்மா வழக்கு நெஞ்சை உருக்குவது. பதின்மூன்று வயதுச் சிறுமி கணவனை இழந்தாள். ஒரு பையனைத் தத்தெடுக்க இசைந்தாலன்றிப் பிணத்தை எடுக்கவிடோம் என்று உறவினர் தடுத்தனர். அவள் இசைந்தாள். அவ்விசைவு இசைவன்று எனக் கூறி நீதிமன்றம் அத்தத்தைத் தள்ளியது.

துண்டு

மேற்கூறிய இரண்டும் ஒன்றாகக் கலந்து நின்ற வரலாறு நம் மாவட்டத்து வழியிலேயே கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். செடித் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர்கட்குக் கூறப்பட்டதாக மலையகத்தில் வாய்மொழி இன்றும் வழங்குகின்றது. அதனை வெறும் புகழ்ச்சி என்று சட்டம் தள்ளிவிடலாம். ஆனால் கடன் கணக்கு அத்தகையதன்று, அது செய்தி. ஊரிற் பெற்ற முற்பணமும் வழிச்செலவும் தோட்டத்தில் வாங்கிய அரிசியும் தொழிலாளியின் பெயரில் ஏறின. அக்கணக்கு மெய்யோ பொய்யோ என அறிய எழுத்தறியாத அவனுக்கு வழியில்லை.

கங்காணி யார்? பல வேளைகளில் அதே ஊரான். சில வேளைகளில் உறவினன். ஆள் சேர்த்தவனும், கடன் கொடுத்தவனும், துரையிடம் அவனுக்காகப் பேசியவனும் ஒருவனே. இதனினும் மேலான செல்வாக்கு வேறு யாது? ‘இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதனைச் செலுத்துவோர் இவர்களைக் கொள்ளலாம்’ என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. துண்டு கைமாறியபோது மனிதரும் கைமாறினர். அதில் அவர்தம் ஒப்பமும் இல்லை, ஒப்புதலும் இல்லை.

இங்கே ஒன்று கருதத் தக்கது. வஞ்சனையால் விளைந்த ஒப்பந்தத்தை விலக்கும் கோட்பாடு அன்றும் சட்டத்தில் இருந்தது. ஆயினும் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேலையை விட்டோடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. பரிகாரம் நூலில் இருந்தது; தண்டனையோ வாயிலில் நின்றது. 1921 இலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அறியாதவனுக்கும் அணுக முடியாதவனுக்கும் சட்டம் இருந்தும் இல்லாததே.

பரிகாரமும் எல்லையும்

இவ்விரு குற்றங்களும் ஒப்பந்தத்தைத் தாமாகவே வெறிதாக்குவதில்லை, வெறிதாக்கத்தக்கதாகச் செய்கின்றன. பாதிக்கப்பட்டவனே அதனைத் தள்ள முன்வரல் வேண்டும். உண்மை அறிந்தபின்னும் அதன் பயனைத் துய்த்தால் உரிமை போம். காலம் தாழ்த்தினும் போம். அல்காட் என்னும் பெண்மணி ஒரு துறவியர் சங்கத்திற் சேர்ந்து தம் பொருளை அதன் தலைவியிடம் ஒப்படைத்தார். 1879 இல் அதனின்று விலகியும் 1885 வரை வழக்கிடவில்லை. செல்வாக்கு உண்டென நீதிபதிகள் கண்டும், 1887 இல் அவர் தோற்றார். அறியாத மூன்றாமவன் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிவிட்ட பொருளை மீட்பதும் அரிது.

நிலத்தைப் பொறுத்தவரை நம் நாட்டிற் சில காவல்கள் உள. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டப்படி, நில விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுத்தில் முடிதல் வேண்டும். வாசிக்க அறியாதவர்க்கு உறுதியை வாசித்து விளக்குதல் நொத்தாரிசின் கடமை. மெய்யான மதிப்பிற் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றவன் நிவாரணம் கோர உறோமன் டச்சுச் சட்டம் இடமளிக்கின்றது.

துண்டு ஒழிந்தது, அதன் வழித்தோன்றல்கள் ஒழிந்தில. வீட்டுப் பணிக்கென்று சொல்லிக் கடல் கடந்து அனுப்பும் முகவரும், வட்டியை வாயாற் குறைத்து எழுத்திற் கூட்டும் கடன்காரரும் நம் தோட்டங்களுக்கு இன்றும் வருகின்றனர். அன்னோர் நீட்டும் தாள் பெரும்பாலும் ஒப்பமிடுவோர் அறியாத மொழியில் இருக்கின்றது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலை முகவர் அனுமதிப் பத்திரம் பெறுதல் வேண்டும். அதனைக் காட்டுமாறு கேட்பதில் நாணம் வேண்டா. 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வறியோர்க்கு இலவசமாக உதவுகின்றது.

நம் கல்லூரியிற் பயின்றோர் இல்லாத தோட்டம் நம் மாவட்டத்தில் அரிது. அயல் வீட்டுத் தாயொருத்தி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தால், ‘ஒப்பமிடுங்கள்’ என்று இடத்தைச் சுட்டிக் காட்டுவதோடு நில்லாதீர்கள். முழுவதையும் வாசித்துத் தமிழிற் சொல்லுங்கள். தொகை எவ்வளவு, தவணை எப்போது, தவறினால் யாது நேரும் என்று விளக்குங்கள். ஓரிரவு வைத்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்துவோன் அவ்வோர் இரவையும் தர மறுப்பானாயின், அம்மறுப்பே போதிய விடை.