மழைநீர் எங்கே போகிறது?

பொம்மசந்திரா, ஓசூர் சாலையில் உள்ள ஊர். பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது. இங்கே தொழிற்சாலைகள் அதிகம். பிழைப்புக்காக வந்த தமிழ்க் குடும்பங்களும் அதிகம்.

ஊரின் பெயரைப் பிரித்துப் படியுங்கள். பொம்ம – சந்திரா. 'சமுத்திரம்' என்ற சொல்லே 'சந்திரா' என்று மாறியது என்பார்கள். சமுத்திரம் என்றால் கடல். ஆனால் இங்கே கடல் இல்லையே? அந்தக் காலத்தில் பெரிய ஏரியையும் சமுத்திரம் என்றே சொன்னார்கள். பக்கத்தில் சிங்கசந்திரா, தொம்மசந்திரா என்றும் ஊர்கள் உள்ளன. இவை எல்லாம் ஏரியால் பெயர் பெற்ற ஊர்கள்.

மேட்டு நிலம்

உயரமான இடத்தில் பரந்து கிடக்கும் நிலத்துக்குப் பீடபூமி என்று பெயர். பெங்களூர் ஒரு பீடபூமியின் மேல் இருக்கிறது. கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அதனால்தான் இங்கே வெயில் குறைவு. ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போனால் சாலை கீழே இறங்கும். வெயில் கூடும். அங்கே உயரம் சுமார் 500 மீட்டர்தான்.

பீடபூமியின் மேலும் மலைகள் உண்டு. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை இருக்கிறது. மலைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலம் பள்ளத்தாக்கு. ஆனேக்கல் அருகே முத்யாலமடுவு என்ற பள்ளத்தாக்கு உள்ளது. மழைக்காலத்தில் அங்கே அருவி விழும்.

ஏரி

மேட்டில் பெய்த மழை அங்கே நிற்காது. பள்ளம் நோக்கி ஓடிவிடும். இங்கே வருடம் முழுவதும் ஓடும் பெரிய ஆறும் இல்லை. ஆகவே முன்னோர்கள் பள்ளத்தின் குறுக்கே கரை போட்டார்கள். ஓடும் நீரைத் தடுத்தார்கள். அதுவே ஏரி. கன்னடத்தில் 'கெரே' என்பார்கள்.

ஒரு ஏரி நிறைந்தால் கோடி போகும். அந்த நீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இந்தக் கால்வாயை இங்கே 'ராஜகாலுவே' என்கிறார்கள். சந்தாபுரா ஏரியின் நீர் இப்படித்தான் முத்தாநல்லூர் ஏரிக்குப் போகிறது. பிறகு தென்பெண்ணை ஆற்றில் சேருகிறது.

ஆறும் கடலும்

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை. அதன் பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. நிலத்துக்குள் வளைந்து புகுந்திருக்கும் பெரிய கடல்பகுதியே விரிகுடா.

இப்போது யோசியுங்கள். பொம்மசந்திராவில் வாழும் பலருக்குச் சொந்த ஊர் எது? கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம். அங்கே அப்பாவும் அண்ணனும் இந்த ஆற்று நீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

பெங்களூரின் கழிவு நீர் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் பல முறை நுரை பொங்கியது. ஆலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து சந்தாபுரா ஏரி கெட்டது. ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று, 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

ஆலைக் கழிவைச் சுத்தம் செய்யாமல் விடுவது சட்டப்படி குற்றம். கால்வாயில் குப்பை கொட்டுவதும் தவறு. மேட்டில் விட்ட அழுக்கு மேட்டிலேயே நிற்பதில்லை. நீரோடு சேர்ந்து கீழே போகிறது. நம் சொந்த ஊருக்கே போகிறது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் பெய்யும் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?
2. உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? கோடி எந்தப் பக்கம் போகிறது?
3. அந்தக் கால்வாய் இப்போது எப்படி இருக்கிறது? அடைத்திருந்தால் யாரிடம் மனு கொடுக்கலாம்? ஐந்து வரியில் மனு எழுதுங்கள்.