காஞ்சனையை வகுப்புக்குக் கொண்டு போகும்போது

அன்பு மகளே,

ஆவடியில் உன் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை வாசித்துக் காட்டப் போவதாகப் போனில் சொன்னாய். கேட்டதிலிருந்து மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். சில விஷயங்களை ஆற அமர எழுத வேண்டும் என்று தோன்றியது.

தலைப்பைப் பலகையில் எழுதியதுமே வகுப்பு சிரிக்கும். “மிஸ், லாரன்ஸ் படமா?” என்பார்கள். 2011-இல் கிட்டத்தட்ட இதே பெயரில் வந்த அந்தப் பேய்ப் படத்தைப் பார்க்காத பிள்ளை உன் வகுப்பில் இருக்காது. அடக்காதே. படத்தில் எது பயமுறுத்தியது என்று கேள். சத்தம், மேக்கப், சட்டென்று திரையில் வந்து நிற்கிற முகம் என்று அடுக்குவார்கள். இது எதுவும் இல்லாமல் வெறும் எழுத்து பயமுறுத்துமா என்று கேட்டுவிட்டு வாசிக்க ஆரம்பி.

1943-இல் வந்த கதை. சொல்கிறவன் ஒரு எழுத்தாளன். பொய் சொல்லிப் பிழைப்பவன் நான் என்று ஆரம்பத்திலேயே நம்மிடம் ஒப்புக்கொள்கிறான். பிள்ளைகள் அதை வேடிக்கைப் பேச்சாக எண்ணித் தாண்டிவிடுவார்கள். நீயும் அங்கே விளக்கம் சொல்லாதே. பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடச் சொல். நறுமணம் வந்து அது பிணவாடையாக மாறும் இடத்தை மெதுவாக வாசி. பிறகு பிச்சை கேட்டு வந்தவளை அவன் மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அந்தப் பெண்ணின் கால் தரையில் பாவவில்லையோ என்று இவனுக்குத் தோன்றுகிறது. உற்றுப் பார்த்தால் பாவித்தான் இருக்கிறது. கதையின் உயிர் அந்த விநாடியில்தான் இருக்கிறதம்மா. அங்கே கொஞ்சம் நிறுத்தி, பிள்ளைகளின் முகத்தைப் பார்.

“அவள் நிஜமாவே பேயா மிஸ், இல்ல இவனோட பிரமையா?” என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதே. இந்தக் கடிதம் எழுதுவதே இதற்காகத்தான். எல்லாம் பிரமை என்று முடித்தால் கதை அங்கேயே செத்துவிடும். பேய்தான் என்று தலையாட்டினால் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரி. என்ன சொன்னாலும் கதையிலிருந்து ஒரு வரியைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். மனைவியின் கழுத்தில் தெரிந்த ரத்தத் துளியை ஒரு கட்சி எடுக்கும். அதை நமக்குச் சொல்கிறவனே பொய் பிழைப்புக்காரன்தானே என்று மறுகட்சி மடக்கும். கோடு போட்ட வரி அப்போது தானாக வேலை செய்யும்.

உங்கள் ஆங்கில டீச்சரையும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. எட்கர் ஆலன் போவின் ‘தி டெல்-டேல் ஹார்ட்’ 1843-இல் வந்தது, காஞ்சனைக்குச் சரியாக நூறு வயது மூத்தது. அதிலும் ‘நான்’தான் கதை சொல்கிறான். கிழவரைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவிட்டு, எனக்குப் பைத்தியமில்லை என்று சாதிக்கிறான். அவனை நம்பக் கூடாது என்று பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துவிடுவார்கள். ‘காஞ்சனை’யில் கதை சொல்கிற கணவனோ படித்தவன், நிதானமாகப் பேசுகிறவன். அவனைச் சந்தேகப்படுவதுதான் கஷ்டம். அதனால் போவை முதலில் வை.

இன்னொன்று. உன் வகுப்பில் அப்பாவோ அம்மாவோ அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்கள். தம்பி தங்கையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தனியாகப் படுக்கிற பிள்ளைக்கு இந்தக் கதை ராத்திரியில் திரும்ப வரும். ராத்திரிக் காட்சிகளைக் கடைசி பீரியடில் வைக்காதே, காலையிலேயே வாசித்துவிடு. பிறகு பேசிச் சிரிக்க ஒரு பகல் முழுக்க இருக்கும். லைட்டை அணைத்து நாடகம் போடுவது வேண்டவே வேண்டாம். தாயத்து கட்டிய பிள்ளையை யாராவது கேலி செய்தால் அந்த இடத்திலேயே கண்டித்துவிடு. கதையில் அவ்வளவு படித்த மனிதனும் கடைசியில் விபூதிக்குக் கை நீட்டுகிறான் அல்லவா?

புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆனது. தயங்காமல் ஜெராக்ஸ் எடு. சுருக்கிய பிரதி மட்டும் வேண்டாம்.

முடிவில் மனைவி ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாள், கணவனிடம் பதில் இல்லை. வேலைக்காரி போனதற்கு அவனைக் குறை சொல்கிறாளா, அவனுக்குத் தெரியாத எதையாவது கண்டிருக்கிறாளா? அதே ராத்திரிகளை மனைவி சொல்வதாக ஒரு பக்கம் எழுதச் சொல், பையன்களையும்தான். மார்க் போடாதே. நல்லதாக இரண்டு மூன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா