கணிப்பொறிப் பணியில் பிழை காணும் முறைகள்

கணிப்பொறி தவறு செய்யாது என்னும் நம்பிக்கை மக்களிடையே பரவலாக உள்ளது. கணிப்பொறி தனக்கு அளிக்கப்பட்ட எண்களைக் கொண்டு, இட்ட கட்டளைப்படி கணக்கிடுகிறது. அந்த எண்கள் உண்மையானவையா என்று அது ஆராய்வதில்லை. ஒரு மாவட்டத்தின் விளைச்சல் கணக்கில் ஓர் இலக்கம் இடம் மாறினால், அதனை நம்பி வகுக்கப்படும் உணவுத் திட்டமும் பிழைபடும். ஆகவே பிழையைக் கண்டுபிடிப்பது கணிப்பொறியைக் கையாளுவோரின் முதற் கடமையாகும்.

இத்துறையில் கொல்கத்தா நகருக்குச் சிறப்பிடம் உண்டு. பி. சி. மஹலனோபிஸ் 1931-ஆம் ஆண்டில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அங்கு இயங்கி வருகிறது. இந்தியாவின் முதல் இலக்கக் கணிப்பொறியான எச்.இ.சி.-2எம் 1955-56-இல் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டு, அந்நிறுவனத்தில் அமைக்கப்பட்டது. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை ஒன்றாகும்; அதில் 1,024 சொற்களையே பதிய முடிந்தது. எண்களும் கட்டளைகளும் துளையட்டைகள் வழியாக உட்செலுத்தப்பட்டன. நிரல்கள் யாவும் பொறிமொழியிலேயே எழுதப்பட்டன.

கணிப்பொறி வருமுன்னரே, களத்தில் நிகழும் பிழையை அறிய மஹலனோபிஸ் ஒரு வழி வகுத்திருந்தார். ஒரே பகுதியில் ஒரே முறைப்படி இரு மாதிரிகள் தேர்ந்தெடுக்கப்படும். தனித்தனிக் குழுவினர் அவற்றை அளப்பர். இரு முடிவுகளும் நெருங்கியிருப்பின் நம்பிக்கை வளரும். மிகுதியாக வேறுபடின் காரணம் தேடப்படும். துளையட்டையிலும் இதே நெறி பின்பற்றப்பட்டது: ஒருவர் துளையிட்டதை மற்றொருவர் அதே மூலத்தைப் பார்த்து மீண்டும் விசையழுத்திச் சரிபார்ப்பது வழக்கம்.

இனி ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். 42, 37, 58, 63 என்பன நான்கு வயல்களின் அளவுகள் என்க. இவற்றின் கூட்டுத்தொகை 200. ஒருவர் 37 என்பதை 73 என எழுதிவிட்டால் தொகை 236 ஆகும். வேறுபாடு 36, இது 9-ஆல் மீதியின்றி வகுபடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு எப்போதும் 9-இன் மடங்காகவே வரும். எனவே இத்தகைய வேறுபாடு வந்தால், முதலில் இலக்க மாற்றத்தையே தேடுதல் நன்று.

ஆனால் 37, 58 என்னும் இரு வரிகளும் தம்முள் இடம் மாறினால் தொகை 200-ஆகவே நிற்கும்; பிழை மறைந்துவிடும். இதற்கு ஒவ்வோர் எண்ணையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். சரியான வரிசையில் 42 + 74 + 174 + 252 = 542. மாறிய வரிசையில் 42 + 116 + 111 + 252 = 521. பிழை வெளிப்பட்டுவிடுகிறது. இன்று கோப்புகளைச் சரிபார்க்கப் பயன்படும் எஸ்.எச்.ஏ.-256 முறை இதனினும் மிக நுட்பமானது. எனினும் அடிப்படை நோக்கம் ஒன்றே. ஓர் எழுத்து மாறினும் அது தரும் குறியீடு மாறிவிடும்.

நிரல் எழுதுவோரும் கணிப்பொறி அமைப்பைப் பராமரிப்போரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. மூலக் கோப்பைத் தொடாமல், அதன் நகலிலேயே பணிபுரிக.

2. நிரலை இயக்குமுன் வரிகளின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் குறித்துக்கொள்க. முடிவில் அவை பொருந்தாவிடின், நிரல் தானே நின்று அறிவிக்குமாறு எழுதுக.

3. விடை முன்பே தெரிந்த சிறு கணக்கொன்றைக் கொடுத்து நிரலைச் சோதிக்க.

4. கோப்புகளை அழிக்கும் நிரலாயின், முதன்முறை அழிக்க வேண்டியவற்றின் பெயர்ப்பட்டியலை மட்டும் அச்சிடச் செய்க. பட்டியலைப் படித்த பின்னரே அழிக்கும் கட்டளையைச் சேர்க்க.

5. காப்பு நகலை வேறோர் இடத்தில் வைத்து, குறித்த காலந்தோறும் அதிலிருந்து கோப்பை மீட்டு ஒப்பிடுக. மீட்டுப் பாராத நகலை நம்புதற்கில்லை.

ஆசிரியர்கள் மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து, பள்ளித் தோட்டத்தின் பாத்திகளைத் தனித்தனியே அளக்கச் செய்யலாம். இரு பட்டியல்களையும் ஒப்பிடும்போது எழும் வேறுபாடுகளே இப்பாடத்தின் உட்பொருளை அவர்களுக்கு விளக்கிவிடும். களப்பணியாளரும் தம் அன்றாடப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்க அடியிலும் கூட்டுத்தொகையை எழுதி வைப்பின், பின்னர் அதனைக் கணிப்பொறியில் ஏற்றுவோருக்கு அது பேருதவியாகும்.